டிசையர் வாங்கப் போகிறீர்களா? விலைக்கு முன்னால் தலைமுறையைப் பாருங்கள்

“ஐந்து லட்சம் இருக்கு அண்ணே, ஒரு டிசையர் பார்த்துக் கொடுங்க.” முதல் கார் வாங்குகிற தம்பிகள் என்னிடம் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “எந்த டிசையர்?” பழைய கார் விற்பவர்கள் போடும் விளம்பரங்களில் 2009 வண்டியும் டிசையர், 2023 வண்டியும் டிசையர். பெயர்தான் ஒன்று. உள்ளே இருக்கும் இரும்பு, எஞ்சின், மோதினால் தாங்குகிற பலம் எல்லாம் வேறு வேறு. இது தெரியாமல் விலையையும் கிலோமீட்டரையும் மட்டும் ஒப்பிட்டு வாங்கியவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குட்டி செடான் (பின்னால் டிக்கி தனியாக இருக்கும் சிறிய கார்) என்றால் ஹோண்டா அமேஸ், ஹூண்டாய் ஆரா, டாடா டிகோர் எல்லாம் சேர்த்திதான். மாருதியின் டிசையரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், நம் ஊர்ப் பழைய வண்டிச் சந்தையில் நான்கு தலைமுறையும் கிடைக்கிற குட்டி செடான் அதுதான். மற்றவை பற்றியும் நடுவில் சொல்கிறேன்.

முதல் வேலை: எந்தத் தலைமுறை என்று தெரிந்துகொள்வது

2008 மார்ச்சில் வந்தது முதல் தலைமுறை, ஸ்விஃப்ட் டிசையர். நீளம் 4,160 மில்லிமீட்டர், டிக்கி 440 லிட்டர். ஊருக்குப் போகும்போது இரண்டு பெரிய பெட்டி, ஒரு அரிசி மூட்டை தாராளமாகப் போகும். பெட்ரோலில் முதலில் 1.3 லிட்டர் எஞ்சின். 2010-ல் அது போய் 1.2 லிட்டர் கே சீரிஸ் வந்தது. டீசலில் ஃபியட் வடிவமைத்த 1.3. இன்று இந்த வண்டிகள் 15 வருஷத்தைத் தாண்டிவிட்டன, அல்லது தாண்டப் போகின்றன. 15 வருஷத்துக்கு மேல் ஓட்ட வேண்டுமென்றால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அதுவும் ஐந்தைந்து வருஷத்துக்கு. ஓட்டிப் பழக, மிகக் குறைந்த விலைக்கு, தெரிந்த ஆளிடமிருந்து என்றால் மட்டும் யோசியுங்கள். குடும்ப வண்டியாக நான் சொல்ல மாட்டேன்.

2012 பிப்ரவரியில் இரண்டாம் தலைமுறை. வண்டியின் வால் வெட்டப்பட்டது போல இருக்கும், டிக்கியும் 316 லிட்டராகக் குறைந்தது. காரணம் வரி. நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருந்தால் சிறிய கார் என்று சொல்லிக் கலால் வரியைக் குறைத்தது 2006 பட்ஜெட். 2008-ல் டாடா இண்டிகோ சிஎஸ் அந்த அளவுக்குள் வந்தது. நான்கு வருஷம் கழித்து டிசையரும் 3,995 மில்லிமீட்டருக்குள் அடங்கியது. அன்று தொடங்கிய அளவுதான் இன்றுவரை. 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பில் இருக்கும் ஜிஎஸ்டியிலும் இந்தக் கோட்டுக்குள் இருக்கும் வண்டிக்கு 18 சதவீதம், வெளியே போனால் 40 சதவீதம்.

2017 மே மாதம் மூன்றாம் தலைமுறை வந்தது. பெயரிலிருந்து ஸ்விஃப்ட் கழன்றது. எடை குறைந்த புது அடித்தளம், 378 லிட்டர் டிக்கி, எல்லா மாடலிலும் இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ் (அவசர பிரேக்கில் சக்கரம் இறுகாமல் காக்கும் வசதி). இந்தத் தலைமுறைக்குள்ளேயே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்: 2020 மார்ச். அதற்கு முன் 83 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சினும் டீசலும் இருந்தன. அதற்குப் பின் டீசல் நின்றது, பெட்ரோல் 90 குதிரைத்திறன் டூயல்ஜெட்டாக மாறியது, ஏஜிஎஸ் (தானே கியர் மாற்றும்) வண்டிகளுக்கு ஈஎஸ்பியும் (வண்டி வழுக்காமல் பிடிக்கும் வசதி) மேட்டில் பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதியும் வந்தன. 2022 மார்ச்சில் கம்பெனியே பொருத்திய சிஎன்ஜி.

2024 நவம்பரில் நான்காம் தலைமுறை. மூன்று சிலிண்டர் 1.2 எஞ்சின், 82 குதிரைத்திறன், எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக், ஈஎஸ்பி. மேல் மாடலில் சன்ரூஃப். டிக்கி 382 லிட்டர்.

நட்சத்திரத்தை வருஷத்தோடு படியுங்கள்

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம். மூன்றாம் தலைமுறை டிசையருக்கு குளோபல் என்கேப் மோதல் சோதனையில் கிடைத்தது 2 நட்சத்திரம். நான்காம் தலைமுறைக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் 5, குழந்தைகள் பாதுகாப்பில் 4. இரண்டாம் தலைமுறையின் உடன்பிறப்பான ஸ்விஃப்ட்டை, ஏர்பேக் இல்லாத மாடலை, 2014-ல் மோதவிட்டபோது வந்தது பூஜ்யம். அதே பெயருள்ள வண்டிகளுக்குள் இவ்வளவு தூரம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டாம் தலைமுறை ஹோண்டா அமேஸ் 2019-ல் 4 நட்சத்திரம் வாங்கியது. அதே தலைமுறை 2024-ல் வாங்கியது 2. வண்டி கெட்டுப்போகவில்லை, நடுவில் சோதனை விதிகள் கடுமையாயின. ஆகவே “ஃபோர் ஸ்டார் வண்டி சார்” என்று யாராவது சொன்னால், எந்த வருஷச் சோதனை என்று கேளுங்கள்.

பழைய வண்டியில் ஏர்பேக், ஏபிஎஸ் இரண்டும் இருக்கின்றனவா என்பதை விளம்பரத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். 2019 ஏப்ரலில்தான் எல்லாக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமாயிற்று, அதே வருஷம் ஜூலையில் டிரைவர் ஏர்பேக். இரண்டாம் தலைமுறையின் கீழ் மாடல்கள் பல இவை இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. சாவியைத் திருப்பும்போது மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் ஏர்பேக் வெடித்த வண்டியில் விளக்கின் வயரைக் கழற்றிவிட்டிருக்கலாம்.

அடுத்த வேலை: புதிதா, பழையதா

இதற்குப் பேனா, காகிதம் எடுங்கள். எக்ஸ்ஷோரூம் விலையை (ஆயுள் வரி, இன்சூரன்ஸ் சேராத விலை) பார்த்து மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் 5 லட்சம் வரை 12 சதவீதம், 5-லிருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம், 10-லிருந்து 20 லட்சம் வரை 18 சதவீதம் ஆயுள் வரி. எட்டு லட்சம் ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் 1,04,000 ரூபாய். கூடவே மூன்று வருஷத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸைச் சேர்த்தே வாங்க வேண்டும். டீலர் போடும் ஆக்சஸரி பேக்கேஜ் கட்டாயமில்லை. இன்சூரன்ஸையும் வெளியில் எடுக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. இரண்டு மூன்று ஷோரூமில் ஆன்ரோடு விலையை (எல்லாம் சேர்ந்த விலை) ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதி வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பழைய வண்டியின் விலையைப் பேச ஒரு அடிப்படை வேண்டுமென்றால், அதன் இன்சூரன்ஸில் இருக்கும் ஐடிவியை, அதாவது வண்டிக்குப் போட்ட காப்பீட்டு மதிப்பைப் பாருங்கள். புது விலையிலிருந்து ஒரு வருஷம் முடிந்தால் 20 சதவீதம், இரண்டு முடிந்தால் 30, மூன்று முடிந்தால் 40, நான்கு முடிந்தால் 50 என்று கழிப்பது இன்சூரன்ஸ் கணக்கு. சந்தையில் டிசையர் இதைவிடக் கூடுதலாகவே விலை போகும், அதற்குள்ள கிராக்கி அப்படி. ஆனாலும் பேச்சு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும். பழைய வண்டிக் கடனுக்கு வட்டி அதிகம் என்பதையும் கணக்கில் சேருங்கள். மூன்று வருஷ வண்டியின் விலையும் அதிக வட்டியும் சேர்ந்து, புது வண்டியின் கீழ் மாடலுக்குப் பக்கத்தில் வந்து நின்றால், நான் புதியதையே எடுக்கச் சொல்வேன். ஆறு ஏர்பேக்கும் ஈஎஸ்பியும் கீழ் மாடலிலேயே இருக்கும்போது, பழையதன் மேல் மாடலில் இருக்கும் அலாய் வீலுக்கும் டச் ஸ்கிரீனுக்கும் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கையில் ஐந்தாறு லட்சம்தான், கடன் வேண்டாம் என்றால் என் தேர்வு: 2020 மார்ச்சுக்குப் பிந்தைய மூன்றாம் தலைமுறை, பெட்ரோல், மேனுவல், ஒரே ஓனர், ஓன் போர்டு (டாக்சியாக இல்லாமல் சொந்த உபயோகத்துக்குப் பதிவானது). நான்கு சிலிண்டர், சிக்னலில் நிற்கும்போது அதிர்வே தெரியாது. நான்காம் தலைமுறையின் மூன்று சிலிண்டரில் அந்த மென்மை கொஞ்சம் குறைவு, ஓட்டிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். கம்பெனி சொல்லும் மைலேஜ் 2020 மேனுவலுக்கு லிட்டருக்கு 23.26, புதியதற்கு 24.79. இந்த வித்தியாசத்துக்காக மட்டும் யாரும் மாற வேண்டியதில்லை. ஒரு விஷயம்: 2020 வண்டியில் சிக்னலில் தானாக அணையும் வசதி இருப்பதால் அதற்கென்று தனி பேட்டரி, விலை கூடியது. சாதாரண பேட்டரி போட்டிருந்தால் அந்த வசதி சரியாக வேலை செய்யாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

டீசல் வேண்டுமென்றால் 2020-தான் கடைசி. மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடாதவருக்கு டீசல் தேவையில்லை. டெல்லியில் பத்து வருஷம் ஆன டீசல் வண்டிகளுக்குத் தடை போட்டதால் அந்த வண்டிகள் மலிவாக இங்கே வரத் தொடங்கின. விலை குறைவாகத்தான் தெரியும். அங்கிருந்து என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற சான்று), இங்கே ஆயுள் வரி, ரீ-ரெஜிஸ்ட்ரேஷன், அதற்கு நடக்கும் நடை எல்லாம் சேர்த்தபின் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்.

சிஎன்ஜி எடுத்தால் டிக்கி போச்சு, சிலிண்டர்தான் அங்கே உட்கார்ந்திருக்கும். வெளியில் பொருத்திய கிட் என்றால் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனைச் சான்றும் வேண்டும்.

மற்ற வண்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. டிக்கியும் ஆட்டோமேட்டிக்கும் முக்கியம் என்றால் 2018-க்குப் பிந்தைய அமேஸ் சிவிடி நல்ல வண்டி, டிக்கி 420 லிட்டர், டிசையரின் ஏஜிஎஸ்ஸில் கியர் மாறும்போது வருகிற தலையாட்டல் இதில் கிடையாது. டிகோரின் உடல் உறுதியானது, 2020-ல் 4 நட்சத்திரம் வாங்கியது. நான்கு மீட்டர் கணக்கு வேண்டாம், குடும்பம் பெரியது என்றால் டொயோட்டா எட்டியோஸ். டிக்கி கிட்டத்தட்ட 600 லிட்டர், 2020-ல் நின்றுவிட்டது. ஃபோர்டு ஆஸ்பயர் ஓட்டுவதற்கு அருமை, ஆனால் 2021-ல் ஃபோர்டு இங்கே விற்பனைக்கான தயாரிப்பை நிறுத்தியது. உங்கள் ஊரில் அந்த வண்டியைத் தெரிந்த மெக்கானிக் இருந்தால் மட்டும் எடுங்கள்.

டி போர்டாக ஓடிய வண்டியா?

இதற்குத் தனித் தலைப்பே கொடுக்க வேண்டும். டிசையர் அளவுக்கு டாக்சியாக ஓடிய செடான் நம் ஊரில் குறைவு. மூன்று வருஷத்தில் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய டி போர்டு வண்டியை ஓன் போர்டாக மாற்றி, பெயிண்ட் அடித்து, மீட்டரைக் குறைத்து நிறுத்தினால் புதிதாக வாங்குபவருக்கு வித்தியாசமே தெரியாது.

ஒரு எளிய கணக்கு சொல்கிறேன். 2017 மே மாதத்துக்குப் பிறகு இரண்டாம் தலைமுறை உடல் டாக்சிக்கான டூர் மாடலாக மட்டும்தான் தொடர்ந்தது. ஆகவே பழைய உருவம், தயாரிப்பு வருஷம் 2018 அல்லது 2020 என்று ஒரு வண்டி வந்தால், அது டாக்சியாகப் பிறந்த வண்டி. ஆர்.சி.யில் மாடல் பெயரைப் பாருங்கள். மேற்கூரையில் கேரியர் போட்ட தடம், நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் வேறு துளைகள், டேஷ்போர்டில் எதையோ பொருத்திக் கழற்றிய அடையாளம் எல்லாம் பேசும்.

வண்டியைப் பார்க்கப் போகும் நாள்

காலையில் போங்கள், வெளிச்சத்தில். “நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும்” என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் செயின் சத்தம், நீலப் புகை, நடுக்கம் எல்லாம் வெளிப்படும்.

2018-ல் என் சித்தப்பா மகனுக்காக ஒரு வண்டி பார்க்கப் போனோம். 2014 டீசல், வெள்ளை, மீட்டரில் 68,000. உள்ளே பளபளப்பு, வாசனை ஸ்ப்ரே மணம். அவன் என் காதில், “அண்ணே, விலை ரொம்ப நல்லா இருக்கு, பேசி முடிச்சிரலாம்” என்றான். நான் பின் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி வரை இழுத்தேன். வெளியே தெரியும் பகுதி கறுப்பு, சுத்தம். உள்ளே சுருண்டிருந்த கடைசி ஒரு முழம் மட்டும் காய்ந்த களிமண் நிறத்தில், விறைப்பாக வந்தது. விற்றவர், “அது தூசி சார்” என்றார். எழுந்து போய் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினோம். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஒரே மட்டத்தில் வண்டல் படிந்திருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி. அவன் ஒன்றும் பேசாமல் வந்து பைக்கில் ஏறிக்கொண்டான்.

2023 மிக்ஜாம் புயலில் நனைந்த வண்டிகளும் இன்று சந்தையில் இருக்கலாம். கார்ப்பெட்டைத் துவைக்கலாம், சீட் கவர் மாற்றலாம். சீட் பெல்ட்டின் உள்சுருளையும், சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டின் துருவையும் யாரும் மாற்றுவதில்லை. இந்த இரண்டையும் பார்க்காமல் சென்னை வண்டி வாங்காதீர்கள்.

கிலோமீட்டர் உண்மையா என்று அறிய, பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள். 40,000 ஓடிய வண்டியில் ரப்பர் கோடுகள் தெளிவாக இருக்கும். டிரைவர் சீட்டின் வலது ஓரம் நசுங்கி, ஸ்டியரிங் வழவழப்பாகி, மீட்டர் மட்டும் 40,000 காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். டயரில் கடைசி நான்கு இலக்கம் தயாரான வாரமும் வருஷமும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஐந்து டயரையும் பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. இதையெல்லாம் விடச் சிறந்த வழி, விற்பவரைக் கூட அழைத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய் அந்த வண்டியின் சர்வீஸ் வரலாற்றைக் கேட்பது. ஒவ்வொரு சர்வீஸிலும் எத்தனை கிலோமீட்டர் என்று அங்கே பதிவு இருக்கும். வர மறுத்தால் அதுவே பதில்.

அடிபட்ட வண்டியா என்று பார்க்க, பானெட்டைத் திறந்து ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏப்ரன் தகட்டைப் பாருங்கள். கம்பெனி வெல்டிங் சிறுசிறு வட்டங்களாக, ஒரே இடைவெளியில் இருக்கும். டிங்கரிங் செய்த இடத்தில் அந்த ஒழுங்கு இருக்காது. கதவு ரப்பரை லேசாக உருவிப் பில்லரிலும் (கதவை ஒட்டி நிற்கும் தூண்) இதையே பாருங்கள். பம்பர், கதவில் டச்சப் இருப்பது நம் ஊர்ச் சாலையில் சகஜம், அதற்காக வண்டியைத் தள்ள வேண்டியதில்லை. ஏப்ரனிலும் பில்லரிலும் கை வைத்திருந்தால் வேண்டாம்.

ஓட்டும்போது பாட்டு வேண்டாம், ஏசியையும் முதலில் அணையுங்கள். மோசமான தெரு ஒன்றில் மெதுவாக விடுங்கள். கீழே கடகட சத்தம் வந்தால் சஸ்பென்ஷனில் புஷ், லோயர் ஆர்ம் மாற்றும் செலவு. மூன்றாம் கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் மட்டும் கத்தி வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் பிளேட் முடிந்தது. இவை விலையில் பேசிக் குறைக்க வேண்டிய விஷயங்கள். கடைசியில் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

புது வண்டி என்றால்

இதில் பெரிய சோதனை இல்லை. பணம் முழுதும் கட்டுவதற்கு முன், ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன், உங்களுக்கு ஒதுக்கிய வண்டியை நேரில் பாருங்கள். சேஸிஸ் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் போய், முந்தின வருஷத் தயாரிப்பை வாங்கி வராதீர்கள். பிற்பாடு விற்கும்போது தயாரிப்பு வருஷம்தான் பேசும். தள்ளுபடி நன்றாகக் கொடுத்து, நீங்களும் பத்து வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் எடுக்கலாம்.

காகித வேலை

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்: எத்தனையாவது ஓனர், கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது, கட்டாத அபராதம் உண்டா. ஆர்.சி.யில் எச்.பி. (வண்டி மேல் கடன் இருப்பதன் குறிப்பு) இருந்தால் பேங்க் என்ஓசியும் படிவம் 35-ம் வந்த பிறகுதான் முழுப் பணம். “கடன் முடிஞ்சாச்சு, லெட்டர் அடுத்த வாரம் வரும்” என்றால் நீங்களும் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாற்றாமல் வண்டி அடிபட்டால் உங்கள் வண்டிச் செலவுக்குப் பணம் வராது. நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) விற்றவருக்குச் சொந்தம், வண்டியோடு வராது. அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

வண்டியை எடுக்கும்போது இரண்டு சாவியும் வாங்குங்கள். தேதியும் நேரமும் போட்டு டெலிவரி ரசீது எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அந்த நிமிஷத்துக்கு முன் வண்டி அவர் கையில், பின் உங்கள் கையில் என்பதற்கு அது சாட்சி. விற்றவரின் ஃபாஸ்டேகை அன்றே மூடச் சொல்லிவிட்டு உங்கள் பெயரில் புதிது ஒட்டுங்கள். அப்புறம், பரிவாகனில் ஓனர் பெயர் உங்கள் பெயராக மாறும் வரை வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டே இருங்கள். அதுவரை விற்றவருடைய போன் நம்பரை அழிக்காதீர்கள்.